காது போதாது

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் தமிழர் வீட்டு ஹோம் தியேட்டர் அறைகளில் ஒரு தீர்ப்பு முறை வேரூன்றிவிட்டது. ஒருவர் கராஜில் எம்.டி.எஃப். பலகையை அறுத்து ஒட்டி, 15 அங்குல வூஃபரைப் பொருத்தி, சொந்தமாக ஒரு சப்வூஃபர் செய்து முடிக்கிறார். சனிக்கிழமை இரவு நண்பர்கள் வருகிறார்கள். ஒரு சண்டைக் காட்சி ஓடுகிறது. நாயகன் நடந்துவரும் பின்னணி இசை முழங்குகிறது. சோபா அதிர்கிறது, சுவரில் மாட்டிய படம் தடதடக்கிறது. "செம பாஸ்!" என்கிறார்கள். அத்தோடு சோதனை முடிந்தது, பெட்டி தேறிவிட்டது. அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால், "கேக்கப் போறது காதுதானே, கருவி எதுக்கு?" என்று பதில் வரும்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில், குறைந்த அதிர்வெண்களைப் பொறுத்தவரை முழுக்கத் தவறு. வீட்டில் செய்த சப்வூஃபரைக் காதால் மட்டும் தேற்றுவது சோதனையே ஆகாது என்பது என் வாதம். இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் சில்லறைச் சண்டை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் கொடுத்து, மரத்தூளை மூச்சில் வாங்கி, ஒருவர் தன் கையால் செய்த பொருள் அது. அது உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அந்த உழைப்புக்குக் காட்டும் மரியாதை.

காதை நம்பும் கட்சிக்குப் பெருமைமிக்க மரபு ஒன்று இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, 4440 ஐ.சி.யில் ஆம்ப் கட்டி, தச்சரிடம் பெட்டி அடித்து, டீக்கடைக்கும் மினி பஸ்ஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் பாட்டுக் கொடுத்தது ஒரு தலைமுறை. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், காது. இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் கடைகளின் வாசலில் நின்று வளர்ந்தவர்கள் பலர் இன்று சன்னிவேலில் இருக்கிறார்கள். அந்த அசெம்பிள் செட்காரர்களை நான் உயர்வாகவே மதிக்கிறேன். அவர்கள் கருவியை வேண்டாமென்று சொன்னவர்கள் அல்லர். ஆசிலாஸ்கோப்பும் அளவு மைக்கும் அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. கிடைத்திருந்தால் முதல் ஆளாக அளந்து பார்த்திருப்பார்கள். அவர்களுடைய இல்லாமையை ஒரு கொள்கையாக்கி, எல்லா வசதியும் உள்ளவர்கள் தங்கள் சோம்பலுக்குத் துணையாக அழைப்பது சரியில்லை.

அதைவிட என்னை உறுத்துவது, இங்கே இந்த வாதத்தைப் பேசுபவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள் என்பது. அலுவலகத்தில் ஒரு சிப்பையோ நான்கு வரி நிரலையோ சோதிக்காமல் வெளியே விட மாட்டார்கள். "ஓடுது பாருங்க" என்று சொல்லி எந்த ரிவ்யூவையும் தாண்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அந்த அறிவைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

முதலில் காதைப் பற்றிப் பேசுவோம். எல்லா அதிர்வெண்ணையும் அது ஒரே கூர்மையோடு கேட்பதில்லை. 1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். பின்னால் வந்த பல அளவீடுகளும் சேர்ந்து இன்று அது ஐ.எஸ்.ஓ. 226 என்ற தரநிலையாக இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸில் இரண்டு மூன்று டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் 44 டெசிபல் வேண்டும். 25 ஹெர்ட்ஸில் 69 டெசிபலை ஒட்டி வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 78 டெசிபலைத் தாண்டினால்தான் ஒலி இருப்பதே தெரியும். கேட்கத் தொடங்கிய பிறகோ உரப்பு மளமளவென்று ஏறிவிடும். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் கூட்டினால் வரும் உரப்பு மாற்றம், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபலிலேயே வந்துவிடுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் சிறு மேடு இருந்தால் அது மலையாகக் கேட்கும், சிறு பள்ளம் இருந்தால் அங்கே ஒலியே இல்லாமல் போகும். இப்படிப்பட்ட அளவுகோலை வைத்துக்கொண்டுதான் "என் காது போதும்" என்கிறார்கள்.

இன்னும் மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. வூஃபருக்கு 25 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோன் தன் எல்லையை நெருங்கும்போது 25 மட்டும் வராது. 50, 75 என்று மடங்குகளும் சேர்ந்து வரும். அதுதான் சிதைவு. 50 ஹெர்ட்ஸ் மடங்கு 10 சதவீதம் என்றால் அது அசல் ஒலியைவிட 20 டெசிபல் கீழே இருக்கிறது என்று பொருள். ஆனால் கேட்பு எல்லைக்கு அருகே காது 25 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 25 டெசிபல் கூர்மையானது. அப்படியானால் அந்த மட்டத்தில் கேட்பவருக்கு அசலைவிடச் சிதைவுதான் உரக்கக் கேட்கும். சத்தத்தைக் கூட்டும்போது இந்தக் கூர்மை வித்தியாசம் குறையும், ஆனால் மறையாது. போதாததற்கு, மேல் மடங்குகளைக் கேட்டால் இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கற்பித்துக்கொள்ளும். திணறிக்கொண்டிருக்கும் வூஃபர், சுத்தமாக வேலை செய்யும் வூஃபரைவிட "நல்ல பாஸ்" என்று பேர் வாங்குவது இப்படித்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பந்தயம் விட்டால் தவறான பெட்டி ஜெயிக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

உடனே எதிர்வாதம் வரும்: மிருதங்க வித்துவான் எந்தக் கருவியை வைத்துச் சுருதி சேர்க்கிறார்? கல்லும் புள்ளும் காதும்தானே? உண்மை. பாடகரின் சுருதிக்கு வலந்தலையைச் சேர்க்கும்போது அவர் கேட்டு உணரும் நுட்பத்தை நான் வியக்கிறேன். அவர் வேலை செய்வது காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியில். 25 ஹெர்ட்ஸில் அவராலும் சுருதி சேர்க்க முடியாது. அங்கே சுருதி உணர்வே மங்கிப்போய் வெறும் துடிப்பாகிவிடுகிறது. மிருதங்கத்தையே எடுத்துக்கொண்டாலும் நம் மரபு அளவீட்டுக்கு எதிரானது என்று காட்ட முடியாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1920-லும் பிறகு விரிவாக 1934-லும் மிருதங்கம், தபலா ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்து எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது எங்கெங்கே வரிசைகட்டி நிற்கிறது என்று பார்த்து, கரணை பூசிய தோலில் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைவான சுரங்களாக ஒன்றுசேர்வதைக் காட்டினார். ராமன் அளந்ததால் மிருதங்கத்தின் அழகு குறைந்துவிடவில்லை. அது ஏன் பாடுகிறது என்று நமக்குத் தெரிந்தது.

கண்ணும் இதில் தலையிடுகிறது. ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண்ணும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண்ணும் கேட்பாளர்கள் கொடுத்தார்கள். பழகிய கேட்பாளர்களும் இதற்குத் தப்பவில்லை. நண்பர் தன் கையால் செய்த பெட்டியை, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பவர் என்ன தீர்ப்புச் சொல்வார்?

அடுத்தது அறை. காதுக் கட்சியின் வாதம் முற்றிலும் நொறுங்கும் இடம் இதுதான். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். சன்னிவேலில் எந்தப் படுக்கையறையும் அந்த நீளம் இல்லை. அலை சுவரில் மோதித் திரும்பித் தன்னோடு தானே கூடியும் கழிந்தும் நிற்கும். 15 அடி நீள அறையின் முதல் நிலையலை 37 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். 12 அடி அகலத்துக்கு 47, 8 அடி உயரத்துக்கு 70. இந்த இடங்களில் 10 டெசிபல் மேடும் 20 டெசிபல் பள்ளமும் சாதாரணம். அறையின் சரிபாதி நீளத்தில் சோபாவைப் போட்டால் அங்கே உட்கார்ந்தவருக்கு 37 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கேட்காது. பின் சுவரோடு ஒட்டி நிற்பவருக்கு அது மார்பில் இடிக்கும். இருவரும் ஒரே பெட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள். இருவரும் உண்மையில் சொல்வது தாங்கள் இருந்த இடத்தைப் பற்றி.

"அதிருது, அதனால நல்ல சப்" என்ற அளவுகோலுக்கு இந்த ஊரிலேயே மறுப்பு இருக்கிறது. ஜோசப் ஐக்ளர் 1950-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய வீடுகள் சன்னிவேலில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. தரை முழுக்க கான்கிரீட், தோட்டத்தைப் பார்த்த பக்கம் உயரமான கண்ணாடிச் சுவர். அந்த வீட்டில் எவ்வளவு வலிமையான சப்வூஃபரை வைத்தாலும் தரை அசையாது. சோபா சும்மா இருக்கும். கண்ணாடி மட்டும் கிடுகிடுக்கும். அதே பெட்டியை மரச்சட்டத் தரை உள்ள மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் ஆடும். முதல் வீட்டில் "பஞ்ச் இல்லை" என்பார்கள், இரண்டாவது வீட்டில் "பயங்கரம்" என்பார்கள். மாறியது தரை. சுவரில் தடதடத்த படமும் அப்படியே. அது சொல்வது ஆணி தளர்ந்திருக்கிறது என்பதை.

இங்கே பெரும்பாலான வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. தாழ்ந்த அதிர்வெண் வரும்போது அந்தப் பலகையே கொஞ்சம் அசைந்து ஆற்றலை உறிஞ்சும், கொஞ்சத்தை வெளியே கசியவிடும். சென்னையில் செங்கல் சுவரும் கான்கிரீட் மேல்தளமும் அப்படி விடாது. உள்ளே வந்த பாஸ் உள்ளேயே நின்று முழங்கும். இங்கே நண்பர் வீட்டில் கேட்டு மயங்கி, அதே அளவில் ஊரில் அண்ணனுக்கு ஒரு பெட்டி செய்துகொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது ஒரே சுரத்தில் குமுறும். அறையை அளக்காதவர் பெட்டியைக் குறை சொல்வார், பெட்டியை அளக்காதவர் அறையைக் குறை சொல்வார். இருவருக்கும் விடை கிடைக்காது.

இந்த மண்ணில் இருந்துகொண்டு "கருவி எதற்கு" என்று கேட்பது வரலாற்றையும் மறப்பது. சன்னிவேலிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாலோ ஆல்டோவில், அடிசன் அவென்யூவில் ஒரு சிறிய கராஜ் இருக்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கு பிறந்த இடம் என்று கலிஃபோர்னியா அரசு அங்கே பலகை வைத்திருக்கிறது. அங்கே ஹியூலெட்டும் பேக்கர்டும் தங்கள் கம்பெனியின் முதல் பொருளாகச் செய்தது ஒலியைச் சோதிக்கும் கருவி: 200ஏ ஆடியோ ஆஸிலேட்டர். துல்லியமான சைன் அலையைக் கொடுக்கும் பெட்டி. அதன் வீச்சை நிலையாக வைக்க ஹியூலெட் கையாண்ட வழி உள்ளே ஒரு சாதாரண விளக்கு பல்பை வைப்பது. அதன் அடுத்த வடிவமான 200பி-யில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது. 1940-இல் வந்த 'ஃபேண்டேசியா' படத்துக்காகத் திரையரங்குகளில் அமைத்த பலதடத் தனி ஒலியமைப்பைச் சோதிக்க அவை பயன்பட்டன. திரையரங்கில் பாட்டைப் போட்டுப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போக டிஸ்னியிடம் காதுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கருவி வாங்கினார்கள். நாம் பிழைக்க வந்த இந்தத் தொழில் பூமி தொடங்கியதே கராஜில், ஒலியை அளக்கத்தான்.

அதற்கும் முன்னால், 1915-இல், இதே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வடக்கே நாப்பாவில் பிரிடமும் ஜென்சனும் சுருள் அசையும் ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். அவர்களுடைய கம்பெனி பின்னால் மேக்னவாக்ஸ் ஆனது. பெர்க்லியின் ஜான் மேயர், 1979-இல் வந்த 'அபோகலிப்ஸ் நௌ' படத்துக்குச் சப்வூஃபர் வடிவமைத்துக் கொடுத்தார். அதே மேயரின் நிறுவனம் 1984-இல், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டை வைத்து அரங்கத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. வடக்கே மரின் பக்கம், லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் 1983-இல் திரையரங்கு ஒலிக்கான டி.எச்.எக்ஸ். தரநிலையை ஏற்படுத்தினார். டால்பி 1976-இல் லண்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தது. இவர்கள் யாரும் காது கெட்டவர்கள் அல்லர். அளந்தபிறகு காதைப் பயன்படுத்தினார்கள்.

வீட்டில் சப்வூஃபர் செய்யும் கலையே அளவீட்டால் உயிர்பெற்றது என்பதை இங்கே சொல்ல வேண்டும். முன்பு துளை வைத்த பெட்டி செய்வது குருட்டாம்போக்கு. எத்தனை லிட்டர், துளை எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்து, உடைத்து, மறுபடி செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும் இதைக் கணக்காக மாற்றின. ஒரு வூஃபரின் ஒத்திசைவு அதிர்வெண், அதன் தணிப்பு, அதன் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு ஆகியவை தெரிந்தால் பெட்டி எப்படி ஒலிக்கும் என்று பலகை அறுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். இன்று கராஜில் பெட்டி செய்யும் ஒவ்வொருவரும் கணினியில் அந்த எண்களைப் போட்டுத்தான் லிட்டரையும் துளையையும் தீர்மானிக்கிறார்கள். தொடங்கும்போது எண்ணை நம்புகிறவர் முடிக்கும்போது "எண் எதற்கு" என்று கேட்பது பாதிக் கிணறு தாண்டுவது. போட்ட கணக்கு பலித்ததா என்று பார்க்க வேண்டாமா? தொழிற்சாலை அச்சிட்டுத் தரும் எண்ணும் கையில் வந்த வூஃபரின் எண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைத்த தாங்கு கட்டைகளும் வூஃபரின் காந்தமும் எடுத்துக்கொண்ட இடம் போக மீதி எத்தனை லிட்டர் என்பதும் கணக்கில் தவறக்கூடியது.

எப்படி அளப்பது? கஷ்டம் இல்லை. முதலில் மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ். ஒரு ரெசிஸ்டரும் கணினியின் ஒலி அட்டையும் போதும். அதற்கென்றே விற்கும் சிறு கருவியும் உண்டு. பெட்டியில் பொருத்திய வூஃபரின் இம்பீடன்ஸை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால், மூடிய பெட்டிக்கு ஒரு மேடு வரும், துளை வைத்த பெட்டிக்கு இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் வரும். அந்தப் பள்ளம்தான் பெட்டி உண்மையில் எந்த ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்ந்திருக்கிறது என்பதன் இடம். 20-க்குத் திட்டமிட்டு 24-இல் பள்ளம் வந்தால் கணக்கு எங்கோ தவறிவிட்டது. மேடுகள் குட்டையாக, சப்பையாக இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரிய ஒலி எழுப்பாமல், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போதே இதைச் செய்துவிடலாம். இந்த ஒரு வரைபடம் சொல்வதில் பாதியைக்கூட எந்தச் சண்டைக் காட்சியும் சொல்லாது.

இரண்டாவது, கோனுக்கு மிக அருகே மைக் வைத்து அளப்பது. டான் கீல் 1974-இல் விளக்கிய முறை. கோனின் நடுவிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் மைக்கை வைத்தால் நேரே வரும் ஒலி அவ்வளவு வலுவாக இருக்கும், அறையின் எதிரொலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அறையைக் கழித்துவிட்டுப் பெட்டியை மட்டும் பார்க்க இதுவே எளிய வழி. துளையையும் தனியாக அளந்து, விட்டத்துக்கு ஏற்பக் கூட்டிச் சேர்க்க வேண்டும். திறந்த வெளியில் தரையில் மைக் வைத்து அளப்பது இன்னும் நம்பகமானது என்பார்கள். சரிதான், ஆனால் சன்னிவேல் வீடுகளின் டிரைவ்வேயில் கராஜ் கதவும் பக்கத்து வீட்டுச் சுவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. இந்த ஊருக்குக் கீலின் முறைதான் பொருத்தம்.

மூன்றாவது, எல்லையைத் தேடுவது. சிறிய சத்தத்தில் தொடங்கி 5 டெசிபல் 5 டெசிபலாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் 10-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப். 5 கூட்டினால் 5 ஏற வேண்டும். 30 ஹெர்ட்ஸில் 3 மட்டுமே ஏறினால் அங்கே பெட்டி கைவிரித்துவிட்டது. சிதைவுக் கோடு எங்கே எகிறுகிறது என்பதும் அதே வரைபடத்தில் தெரியும். ஒரே டெசிபல் அளவை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க, அதாவது 40-லிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு வர, கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். துளை வைத்த பெட்டியில் சுருதிக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போய், கோன் தறிகெட்டு ஆடும். காதுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒலி வருவதில்லை, அசைவு மட்டும் இருக்கிறது. ஒரு நாள் சுருள் அடித்தகட்டில் மோதும் சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். அதற்குள் வூஃபர் கெட்டிருக்கக்கூடும். கீழ்ப்பகுதியை வெட்டும் வடிகட்டியை எந்த ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும் என்பதை அளவீடுதான் சொல்லும்.

கடைசியாக அறையில், ஒவ்வொரு இருக்கையிலும் மைக் வைத்து அளப்பது. இங்கே காது செய்யும் ஒரு தவறான நோய்க்கணிப்பை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை இதுதான் மிகப் பரவலானது. ரிசீவரில் கிராஸ்ஓவர் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே முன் ஸ்பீக்கர்கள், கீழே சப்வூஃபர், 80-ஐ ஒட்டி இருவரும் சேர்ந்து பாட வேண்டும். 80 ஹெர்ட்ஸின் அரை அலை 2 மீட்டருக்குச் சற்று மேல். சப்வூஃபர் அவ்வளவு தள்ளி மூலையில் இருந்தாலோ, அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைச் சில மில்லி நொடிகள் தாமதித்தாலோ, ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுப்பார். 80-ஐச் சுற்றிப் பெரிய பள்ளம் விழும். தவிலின் அடியும் ஆண்குரலின் கனமும் அங்கேதான் இருக்கின்றன. கேட்பவர் "பாஸ் கம்மி" என்கிறார். செய்தவர் சப்வூஃபரின் சத்தத்தை ஏற்றுகிறார். பள்ளம் நிரம்பாது, 37 ஹெர்ட்ஸ் மேடு இன்னும் உயரும். இப்போது "கொழகொழன்னு இருக்கு" என்கிறார்கள். உடனே இன்னும் பெரிய வூஃபருக்குப் பணம் செலவாகிறது. தேவைப்பட்டதெல்லாம் ரிசீவரில் தூரத்தை மாற்றுவதோ, பின்பக்கம் இருக்கும் ஃபேஸ் குமிழைத் திருப்புவதோதான். அளந்தவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் பிழையைக் காதை நம்பியவர் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு வாழ்கிறார். இது என்னைக் கோபப்படுத்துகிறது.

அளவு காட்டும் இன்னொரு வழி: பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டு. டாட் வெல்ட்டி 2002-இல் சப்வூஃபர்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் ஆராய்ந்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் இருக்கைக்கு இருக்கை மாறுபாடு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். வீட்டில் செய்பவருக்கு இது வரம். ஆனால் "எவ்வளவு இன்ச்?" என்ற கேள்வியிலேயே நிற்கும் பேச்சில் இதற்கு இடம் இருப்பதில்லை.

"படம் ஒரு கலை, அதை வரைபடமாக்கிக் கொல்லாதீர்கள்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸில் வந்தது. இப்படிப்பட்ட படங்களின் ஒலியைக் கலப்பவர்கள் அளந்து சரிசெய்த அறையில் உட்கார்ந்து கலக்கிறார்கள். முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல். பாஸுக்கென்று இருக்கும் தனித்தடம் அதைவிட 10 டெசிபல் உயர்வு. அந்தக் கலைஞர் ஒரு வெடியை ஒரு விதமாகவும், தூரத்து இடியை வேறு விதமாகவும், பறையின் அதிர்வை மூன்றாவது விதமாகவும் வைத்திருப்பார். 37 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் மேடு உள்ள அறையில் மூன்றும் ஒரே "தும்". அந்த வீட்டில் எந்தப் படத்தைப் போட்டாலும் கேட்பது சுவரைத்தான். கலைஞரின் உழைப்பை அழிப்பது அளக்காமல் விடுவதே.

"போனில் ஆப் வைத்து அளந்துவிட்டேன்" என்பதும் போதாது. பல ஆப்களில் இயல்பாக இருக்கும் ஏ-எடையிடல் 31 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 39 டெசிபல் குறைத்துக் காட்டும். போனின் மைக்கும் பேச்சுக்கென்று கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கலாம். வரைபடத்தையே வழவழப்பாக்கி அழகாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். முழு ஸ்தாயிக்குச் சமன் செய்த கோடு எந்தக் குற்றத்தையும் மறைக்கும்; பாஸுக்குச் சமன் செய்யாத கோடே நேர்மை. கடையில் வாங்கிய சப்வூஃபரை யாரும் அளப்பதில்லையே என்று கேட்டால், அதைக் கட்டியவர்கள் அளந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். சீரான முறையில் துடிப்பு ஒலிகளைக் கொடுத்து எடுத்த எண்களைச் சில நிறுவனங்கள் வெளியிடவும் செய்கின்றன. உங்கள் பெட்டிக்குத் தொழிற்சாலை நீங்கள்தான். நீங்கள் அளக்காவிட்டால் வேறு யாரும் அளக்கப் போவதில்லை.

செலவும் ஒரு சாக்காக முடியாது. மின்னணுச் சாமான் விற்ற ஃப்ரைஸ் 1985-இல் தன் முதல் கடையைத் திறந்தது சன்னிவேலில். 2021 பிப்ரவரியில் எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டது. பழைய சாமான் விற்ற வியர்டு ஸ்டஃப் கடை அதற்கும் முன்பே, 2018-இல், போய்விட்டது. கருவிக்காக அப்படிக் கடை கடையாக ஏறிய காலம் போய்விட்டது. இன்று தேவையானது, திருத்தக் கோப்போடு வரும் ஒரு யு.எஸ்.பி. மைக், விலை நூறு டாலரை ஒட்டி. ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள் இலவசம். ஒரு ஸ்வீப் சில நொடிகளில் முடிந்துவிடும். அபார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரரை இரண்டு மணி நேரம் படம் போட்டுச் சோதிப்பதைவிட அது எவ்வளவோ நாகரிகம்.

அளந்து முடித்துச் சரிசெய்த பிறகு படத்தைப் போடுங்கள், பாட்டைப் போடுங்கள், நண்பர்களைக் கூப்பிடுங்கள். அப்போது காது சொல்வதற்கு மதிப்பு உண்டு. சப்வூஃபர் செய்யத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பலகை வாங்குவதற்கு முன் மைக்கை வாங்குங்கள். இம்பீடன்ஸ், அருகிருந்து அளந்த அளவு, இருக்கைகளில் எடுத்த அளவு ஆகிய மூன்று வரைபடங்களையும் அச்சிட்டுப் பெட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். உங்களைப் பார்த்துச் செய்ய வருபவருக்கு, சத்தத்தைப் போட்டுக் காட்டுவதற்கு முன் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரு நண்பர் வட்டத்துக்கு ஒரு மைக் போதும். வைத்திருப்பவர் கேட்பவருக்கு இரவல் கொடுக்கட்டும்.